பாக்கி வராத விளம்பரப் படம்: காப்புரிமை யாருக்கு, பணத்துக்கு வழி என்ன?

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறேன். 2022 முதல் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உண்டு. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு விற்கும் ஒரு நிறுவனத்துக்கு 6 நிமிட விளம்பரப் படமும் 4 ரீல்ஸும் 1,80,000 ரூபாய்க்குப் பேசினோம். எல்லாம் போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான். அட்வான்ஸ் 60,000. 3 நாள் ஷூட்டிங், 5 முறை கரெக்‌ஷன் முடித்துக் கொடுத்துவிட்டேன். படத்தை யூடியூபிலும் போட்டுவிட்டார்கள். பாக்கியைக் கேட்டால், "எடுத்த ஃபுட்டேஜ் முழுவதையும் நாங்கள் தந்த ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடு, இல்லாவிட்டால் போலீசுக்குப் போவோம்" என்கிறார்கள். யூடியூபில் காப்பிரைட் ஸ்ட்ரைக் கொடுக்கலாமா?

பதில்: ஸ்ட்ரைக் கொடுக்காதீர்கள். உழைத்தவருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பேசி எடுத்த படத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரையே முதல் உரிமையாளர் ஆக்குகிறது. விளம்பர வீடியோவும் சட்டத்தின் கண்ணில் திரைப்படமே. முழுப் பணமும் வந்துசேர்ந்ததா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. தருகிறேன் என்ற வாக்கே பிரதிபலன், அதாவது வேலைக்கு ஈடாகத் தரும் மதிப்பு, ஆகிவிடும். உரிமை இல்லாமல் ஸ்ட்ரைக் கொடுத்தால், ஆதாரமற்ற மிரட்டல் என்று 60-ஆம் பிரிவில் அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போட முடியும். பணம் வரவேண்டிய நீங்கள் எதிர்வாதி ஆகிவிடுவீர்கள்.

ஃபுட்டேஜ் வேறு விஷயம். பேசியது 6 நிமிடப் படமும் 4 ரீல்ஸும். அவற்றைக் கொடுத்துவிட்டீர்கள். எடிட் செய்யாத கோப்புகளையும் தருவதாகப் பேச்சில் இல்லையென்றால், அவற்றை ஒப்படைக்க நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்ல நல்ல இடம் இருக்கிறது. அதற்காக ஒன்றையும் அழித்துவிடாதீர்கள். உருக்கிய பித்தளையை அச்சில் ஊற்றும் காட்சியை நினைத்த நாளில் மறுபடி எடுக்க முடியாது. அழித்தால் நஷ்டஈடு கேட்பார்கள். "பணம் தராவிட்டால் அழித்துவிடுவேன்" என்று எழுதுவதும் கூடாது. அவர்களுடைய ஹார்டு டிஸ்க்கை மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு உடனே திருப்பிக் கொடுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடி என்று புகார் எழுத அவர்களுக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான். மற்றதெல்லாம் சிவில் தகராறு.

இனி பணம். வாய்ப்பேச்சும் செல்லுபடியாகும் ஒப்பந்தமே. உங்கள் கையில் உள்ள பலமான கருவி 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். பணம் தரும் நாள் பேசப்படவில்லையென்றால், வேலையை ஏற்ற நாளிலிருந்து 15 நாளுக்குள் தரவேண்டும். பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும்.

"ஏற்ற நாள்" எது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளே ஏற்ற நாள். ஆட்சேபம் வந்திருந்தால், அதைச் சரிசெய்து கொடுத்த நாள். உங்கள் 5 கரெக்‌ஷன்களையும் அவர்கள் ஆட்சேபம் என்று வாதிடுவார்கள். ஆகவே ஐந்தாவது கரெக்‌ஷன் போன நாளிலிருந்தே கணக்குப் போடுங்கள்; அது உடையாது.

உத்யம் பதிவு வேலைக்கு முன்பே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். வேலை முடிந்தபின் செய்த பதிவு பழைய பாக்கிக்கு உதவாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. இந்தச் சட்டப்படி பாக்கி கேட்கும் மனுவை இணையத்தில் பதிவு செய்யலாம். அதை விசாரிப்பது வசதியாக்கக் குழு. டெல்டா மாவட்டங்களுக்குத் திருச்சி மண்டலக் குழு. முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. சட்டம் சொல்வது 90 நாள், நடைமுறையில் கூடுதலாக இழுக்கும். ஆனால் தீர்ப்பை எதிர்த்துப் போக நினைப்பவர் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும். பல நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் பேச்சுக்கு இறங்கி வருகின்றன.

அதற்கு முன் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் நோட்டீஸ்: பேசிய தொகை, வந்த தொகை, பாக்கி 1,20,000, ஐந்து கரெக்‌ஷன் தேதிகள், 15 நாள் கெடு. வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து வையுங்கள், மறையும் செய்தி வசதியை அணையுங்கள், அந்தப் போனை விற்காதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு), இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்தும் கேட்கிறார்கள். கடைசியாகக் கொடுத்த படக் கோப்புக்கு இப்போதே ஹாஷ் எடுத்துவிடுங்கள். நீதிமன்ற வழக்குக்குக் காலவரம்பு 3 ஆண்டு. தமிழ்நாட்டில் கட்டணம் 3 சதவீதம், அதாவது 3,600 ரூபாய். கும்பகோணம் வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குக் கட்டணமே இல்லை.

அடுத்த வேலைக்கு ஒரு பக்கம் எழுதி, மின்னஞ்சலில் "சம்மதம்" வாங்குங்கள். அதில் முதல் வரி: முழுத் தொகை வந்த பிறகே காப்புரிமை வாடிக்கையாளருக்குச் சேரும். 17-ஆம் பிரிவே மாற்று ஒப்பந்தத்துக்கு இடம் விட்டிருக்கிறது. ஷூட்டிங்குக்கு முன் 50 சதவீதம், ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) பார்த்ததும் 30, வாட்டர்மார்க் இல்லாத கோப்புக்கு முன் 20. கரெக்‌ஷன் இரண்டு முறை, அதை ஒரே ஆள்தான் சொல்லவேண்டும். அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று சொல்வதில்தான் இரண்டு ஐந்தாகிறது. ஃபுட்டேஜ் வேண்டுமென்றால் தனி விலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷூட்டிங் நின்றால் கேமரா வாடகை யாருடையது என்பதையும் எழுதுங்கள். பின்னணி இசையின் உரிமம் வாடிக்கையாளர் பெயரில் இருக்கட்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால், ட்ரோன் ஷாட்டுக்கு ஒப்புக்கொள்ளும் முன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ட்ரோன் தளத்தின் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிடுங்கள். மீறினால் அபராதம் 1 லட்சம் வரை போகும். பெரிய கோயிலும் தாராசுரமும் தொல்லியல் துறை வசம் இருப்பதால் அங்கே படமெடுக்க அத்துறையின் அனுமதி வேண்டும். அதை வாங்கித் தருவது யார் பொறுப்பு என்பதும் அதே பக்கத்தில் இருக்கவேண்டும்.