“இலக்கியம் எப்போ எழுதப்போறீங்க?”

வணக்கம் அக்கா. நான் இணையத்தில் தொடராகக் காதல் கதைகள் எழுதுகிறேன். சில கதைகள் புத்தகமாகவும் வந்திருக்கின்றன. போன மாதம் எங்கள் ஊரில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். என்ன எழுதுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். சொன்னதும், “ஓ, ரமணிசந்திரன் டைப்பா? சரி, இலக்கியம் எப்போ எழுதப்போறீங்க?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கூட வந்த என் கணவரும் லேசாகச் சிரித்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது. நான் எழுதுவது அவ்வளவு மட்டமா? வேறு பெயரில் சீரியஸாக எதையாவது எழுதிப் பார்க்கட்டுமா?

– எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

வேறு பெயரெல்லாம் வேண்டாம். உங்களைக் கேட்ட அந்த மனிதர் ரமணிசந்திரனின் ஒரு நாவலையாவது முழுசாகப் படித்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். படிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டு, படிக்கவில்லை என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வசதியான வகை இது. துப்பறியும் கதையில் கடைசி அத்தியாயத்துக்குள் கொலைகாரன் மாட்டியே தீரவேண்டும், அதை யாரும் ஃபார்முலா என்று கேலி செய்வதில்லை. காதலித்த இரண்டு பேர் கடைசியில் சேர்ந்துவிட்டால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்கள். இத்தனைக்கும் இரண்டும் ஒரே பெட்டிக்கடையில் ஒரே கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள்தான். பழைய க்ரைம் நாவல் அட்டையை ஃபேஸ்புக்கில் போட்டு ‘அது ஒரு காலம்’ என்று உருகுகிறவர்களே, தங்கள் அம்மா படித்த குடும்ப நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் நெளிகிறார்கள். இளக்காரமெல்லாம் அதைப் படிக்கிறவர்கள் மேல்தான், எழுதுகிறவருக்கும் அதில் ஒரு பங்கு வந்து சேர்கிறது.

விருது கிடைத்தால் மதிப்பார்கள் என்று நினைத்து ரூட்டை மாற்றிவிடாதீர்கள். லக்ஷ்மி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி, மருத்துவம் படிக்கும்போதே ஆனந்த விகடனில் எழுத ஆரம்பித்தவர், படிப்புச் செலவுக்கே அந்தப் பணம்தான் கைகொடுத்தது. 1984-இல் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார். அதற்குப் பிறகும் இலக்கியப் பேச்சில் அவர் பெயர் வந்தால் ‘பெண்கள் விரும்பிப் படித்த’ என்ற அடைமொழியோடு ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். (அகத்திணையே காதல்தானே என்று சிலர் வக்காலத்துக்கு வருவார்கள். அவர்களையும் நான் நம்புவதில்லை. இந்தக் கதைகளுக்கு எதற்குக் குறுந்தொகையிடம் போய் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டும்?)

வாடகை நூலகத்து நாவல்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று ஒரு பக்கம் வைத்திருப்பார். ஒருவர் 21-ஆம் பக்கத்தில் சின்ன டிக், இன்னொருவர் 50-ஆம் பக்கத்தில் தன் இனிஷியல். படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துப் போய்விடக்கூடாது அல்லவா, அதற்காக. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ‘சூப்பர்’, ‘வேஸ்ட்’, ‘இவனையெல்லாம் மன்னிச்சிருக்கவே கூடாது’. எதைக் கொடுத்தாலும் விழுங்குகிற கூட்டம் என்று இவர்களைச் சொல்கிறவர்கள் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

எனக்கு இதில் இருக்கும் உண்மையான கோபம் வேறு. மொத்தமாகக் குப்பை என்று ஒதுக்கியதால் நல்லது எது, மோசமானது எது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. இப்போது ‘ஆன்டி ஹீரோ’ என்று ஒரு ரகம் ஓடுகிறதே, பெண்ணைக் கடத்திக் கொண்டுபோய் மிரட்டித் தாலி கட்டுகிறான், அறைகிறான், பத்து எபிசோட் கழித்து அவனுடைய சின்ன வயதுச் சோகம் ஒன்று வந்ததும் அவள் உருகிவிடுகிறாள். அதைப் பற்றிக் காரசாரமாக நாலு பக்கம் எழுத வேண்டிய விமர்சகர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. ‘நெக்ஸ்ட் யூடி எப்போ சிஸ்?’ என்று அடுத்த பகுதியைக் கேட்டு நச்சரிக்கிற வாசகிகள்தான் நடுவே ‘இவனுக்கு ஏன் இவ்வளவு ஈசியா மன்னிப்பு?’ என்றும் கேட்கிறார்கள். அந்த பென்சில்காரிகளின் பேத்திகளாக இருக்கும்.

அதனால் நீங்கள் எழுதுவது மட்டமா என்ற உங்கள் கேள்விக்கு, உங்கள் கதையைப் படிக்காமல் நானும் பதில் சொல்ல முடியாது, சொன்னால் அந்த மனிதருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. காதல் கதை என்பதாலேயே மட்டமாகிவிடாது, அதே காரணத்துக்காக நான் சலுகை தரவும் மாட்டேன். சண்டை போட்டுக்கொண்ட இருவர் ஒரே வீட்டில் பேசாமல் புழங்கும் ஒரு சாயங்காலத்தை நம்பும்படி எழுதுவது, சும்மா இல்லை, ரொம்பக் கஷ்டம். அதை உங்களால் எழுத முடிகிறதா என்று பார்க்க ஆசை.

அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால், “நீங்க கடைசியா படிச்ச காதல் கதை எது சார்?” என்று மட்டும் கேளுங்கள். கணவர் விஷயம் எனக்குத் தெரியாது, அவர் உங்கள் கதை ஒன்றையாவது படித்திருக்கிறாரா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு, வந்த புத்தகங்களில் உங்களுக்கே திருப்தியான ஒன்றை அனுப்புங்கள். குறை இருந்தால் தாட்சண்யம் பார்க்காமல் சொல்லிவிடுவேன், பரவாயில்லையா?