பட்டம் ஏன் அசையாமல் நின்றது?

"சேர், காலிமுகத்திடல் பட்டக் கணக்குக்கு எனக்கு எப்போதும் பூச்சியம்தான் வருகிறது. எங்கே பிழைக்கிறது?" – வெள்ளவத்தை மாணவி

பிள்ளை, செய்கையை அனுப்பியது நல்லது. பிழை முதல் வரியிலேயே இருக்கிறது. கணக்கு இதுதான்: பட்டம் 30 மீற்றர் உயரத்தில் கிடையாகச் செக்கனுக்கு 2 மீற்றர் விலகுகிறது. நூல் 50 மீற்றராகும் கணத்தில் எந்த வீதத்தில் நூல் விட வேண்டும்? நீங்கள் 40² + 30² = 50² என்று எழுதிவிட்டுப் பிறகு வகையிட்டிருக்கிறீர்கள், அதாவது மாறும் வீதத்தைக் கண்டிருக்கிறீர்கள். மாறிலியை வகையிட்டால் பூச்சியம் வராமல் என்ன வரும்? பட்டத்தை ஆணி அடித்து நிறுத்திவிட்டு அதன் கதியைக் கேட்கிறீர்கள்!

உயரம் மாறாது, ஆகவே 30ஐ முதலிலேயே போடலாம். மற்ற இரண்டும் மாறிகள். கிடைத்தூரம் 'தூ', நூல் 'நூ' என்றால் தூ² + 900 = நூ². நேரம் குறித்து வகையிட்டு இரண்டால் வகுத்தால்:

தூ × தூவின் வீதம் = நூ × நூவின் வீதம்

இப்போதுதான் 40, 50, 2 உள்ளே வரலாம். 40 × 2 ÷ 50 = 1.6. செக்கனுக்கு 1.6 மீற்றர் நூல். பட்டத்தின் கதியைவிடக் குறைவாக வந்தது சரிதான். அது நூலின் திசையில் நேரே போகவில்லை. (நூல் தொய்யவில்லை என்று எடுத்திருக்கிறோம். கடற்காற்றில் பட்டம் விட்டவர்கள் மன்னிக்க.)

"கூம்பில் ஆரையும் மாறுகிறது, உயரமும் மாறுகிறது. எதை விடுவது?" – கொட்டாஞ்சேனை மாணவன்

ஆரையை விடுங்கள் தம்பி, கேள்வி உயரத்தைப் பற்றியதென்றால். 12 செ.மீ. உயரம், 6 செ.மீ. வாய் ஆரையுள்ள புனலின் அடியை விரலால் அடைத்துக்கொண்டு செக்கனுக்கு 20 கன செ.மீ. தண்ணீர் ஊற்றுகிறோம். இயல்பொத்த முக்கோணிகளால் ஆரை எப்போதும் உயரத்தின் பாதி. கனவளவு π × உயரம்³ ÷ 12 ஆகிவிடும். தண்ணீர் 4 செ.மீ. நிற்கும்போது மட்டம் செக்கனுக்குச் சுமார் 1.6 செ.மீ. ஏறும், 8 செ.மீ. நிற்கும்போது 0.4 மட்டுமே. விடையைச் சரிபார்க்க, ஊற்றும் வீதத்தை நீர்மேற்பரப்பின் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள். அதே எண் வர வேண்டும்.

"ஏணியின் உச்சிக்கு மகன் மறை (−) விடை எழுதியிருக்கிறான். வேகம் மறையாகுமா?" – ஒரு தந்தை

ஆகும். உயரம் குறைகிறதல்லவா? திசையைப் பாராத கதிதான் மறையாகாது. 5 மீற்றர் ஏணியின் அடி சுவரிலிருந்து 3 மீற்றரில், செக்கனுக்கு 0.5 மீற்றர் வழுக்கினால் உச்சியின் வேகம் செக்கனுக்கு −0.375 மீற்றர். மகன் சரி.

"கோணத்தைப் பாகையில் வைத்தால் என்ன?" – பம்பலப்பிட்டி

தான்சனின் (tan) வகையீட்டுச் சூத்திரம் ஆரையனுக்கானது. ஆரையனும் கோணத்தின் அலகுதான், ஆனால் ஓர் ஆரையன் ஏறத்தாழ 57 பாகை. தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர் என்று வைப்போம். அடியிலிருந்து 350 மீற்றரில், செக்கனுக்கு 1.4 மீற்றர் அதை நோக்கி நடப்பவருக்கு, உச்சியை அண்ணாந்து பார்க்கும் ஏற்றக்கோணம் செக்கனுக்கு 0.002 ஆரையன் கூடும். இதையே '0.002 பாகை' என்று எழுதினால், விடை ஏறத்தாழ 57 மடங்கு சிறுத்துவிடும்.