பிடித்த வீடியோ கேம் தொலைக்காட்சித் தொடராகும்போது ஏன் ஏமாற்றுகிறது?

தழுவல் என்பது ஒரு வடிவத்தில் இருக்கும் கதையை வேறொரு வடிவத்துக்கு மாற்றுவது. நாவல் படமாகும்போதும் இழப்பு உண்டுதான். ஆனால் விளையாட்டில் பறிபோவது வேறு: நம் கை. நாயகன் தோற்றால் நாம்தான் தோற்றோம். கதவைத் திறந்தது நம் முடிவு. தொடரிலோ எல்லாவற்றையும் வேறொருவர் முடிவு செய்துவிட்டார். சைக்கிளை நாமே மிதித்துப் போன பாதையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதைப் போல: காட்சிகள் அதேதான், மேடு ஏறிய மூச்சிரைப்பு மட்டும் இல்லை.

'ஹேலோ' நல்ல உதாரணம். 2001 முதல் வந்த அந்த விளையாட்டுகள் நாயகன் மாஸ்டர் சீஃபின் முகத்தை முழுமையாகக் காட்டியதே இல்லை. அந்தத் தலைக்கவசத்துக்குள் இருந்தது விளையாடுபவர்தான். 2022-இல் வந்த தொடர் முதல் அத்தியாயத்திலேயே கவசத்தைக் கழற்றியது. நடிகருக்கு முகம் வேண்டும் என்பது நியாயமான காரணமே. ஆனாலும் ரசிகர்களுக்குத் தங்கள் இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் ஆகிவிட்டது. இரண்டு சீசன்களோடு, 2024-இல் அது நிறுத்தப்பட்டது.

மூலத்தை மாற்றியதால்தான் இத்தகைய தொடர்கள் கெடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரில் (2023) பெரிதும் பாராட்டப்பட்ட மூன்றாவது அத்தியாயம், விளையாட்டில் நாம் உயிரோடு பார்க்கவே பார்க்காத ஃபிராங்க் என்ற பாத்திரத்தையும் அவர் துணைவர் பில்லையும் மையமாக வைத்துப் புதிதாக எழுதப்பட்டது.