கீபோர்டில் பியானோவையும் ஸ்டிரிங்ஸையும் லேயராக, அதாவது ஒன்றாக ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். எக்ஸ்பிரஷன் பெடலை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடல்) மிதித்தால் பியானோவின் சத்தமும் சேர்ந்து குறைகிறது. ஸ்டிரிங்ஸ் மட்டும் குறைய வேண்டும்

பியானோ பார்ட்டின் (லேயரில் உள்ள ஒவ்வொரு ஒலியும் ஒரு பார்ட்) ரிசீவ் ஸ்விட்ச் பக்கத்தில், அதாவது அந்தப் பார்ட் எந்தச் செய்திகளை ஏற்க வேண்டும் என்று அமைக்கும் பக்கத்தில், எக்ஸ்பிரஷனை ஆஃப் செய்யுங்கள். ஸ்டிரிங்ஸ் பார்ட்டில் ஆனாகவே இருக்கட்டும். அவ்வளவுதான்.

லேயரில் இரண்டு பார்ட்டும் ஒரே மிடி சேனலை (கீபோர்டின் கட்டளைகள் போகும் வழி) கேட்கின்றன. அதனால் பெடல் அனுப்பும் சிசி 11 (எக்ஸ்பிரஷனுக்கான கண்ட்ரோல் எண்) இரண்டுக்குமே போய்விடுகிறது.

அப்படியும் பியானோ குறைந்தால், பெடலுக்கு எந்த சிசி எண் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 7 இருந்தால் 11 ஆக்குங்கள். 7 என்பது பார்ட்டின் வால்யூம். பெடலை மிதித்ததும் நீங்கள் காதால் கேட்டுக் கேட்டு வைத்த லேயர் அளவு மொத்தமும் கலைந்துவிடும். ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலின் எண் 64, அது வேறு, தொட வேண்டாம்.

அப்புறம், வேறு டோனுக்கு (ஒலிக்கு) மாறும் முன் இந்த அமைப்பைச் சேமித்துவிடுங்கள். மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு இப்படி ஒரு லேயரைத் தொலைத்தவன் சொல்கிறேன்.