தி.நகர் சீரமைப்பு: இங்கே குடியிருப்பவனிடம் நீங்கள் கேட்டவை

தி.நகரில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் சங்கத்தில் மாநகராட்சி சம்பந்தமான வேலை எல்லாம் என்னிடம்தான் வரும். மாமன்றத் தீர்மானம், டெண்டர் அறிவிப்பு, ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பதில் என்று படித்துப் படித்துத்தான் கொஞ்சம் விவரம் பிடிபட்டது. வக்கீல் இல்லை, இன்ஜினியரும் இல்லை. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வார இறுதியில் கடைக்கு வருகிறவர்: சார், பாண்டி பஜார் இப்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது! அங்கே இருக்கிற நீங்கள் ஏன் இன்னும் குறை சொல்கிறீர்கள்?

நடைபாதையை நான் குறை சொல்லவே இல்லை. முன்பு இருபுறமும் வண்டி நிற்கும், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில்தான் நடக்க வேண்டும். 2017-ல் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சோதனை பார்த்தார்கள், அப்புறம் சுமார் 40 கோடி ரூபாயில் அகலமான நடைபாதை கட்டி 2019 நவம்பரில் திறந்தார்கள். நடக்கிறவர்களுக்கு இவ்வளவு அகலம் கொடுத்தது சரியான முடிவு, அதை யார் செய்திருந்தாலும் சரியான முடிவுதான்.

என் வருத்தம் அந்த முடிவை எடுத்த விதத்தில். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னையில் மேயரும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, ஆணையரே தனி அலுவலராக இருந்து மாமன்றத்தின் வேலையையும் பார்த்தார். தி.நகரின் முகத்தையே மாற்றிய திட்டங்கள் பெரும்பாலும் அந்த ஐந்தரை வருடத்தில் வந்தவை. நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட எழுந்து நின்று "பக்கத்துத் தெருக்களின் கதி என்ன?" என்று கேட்க அன்றைக்கு மன்றமே இல்லை. கடைவீதிக்கு வருகிறவரைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற தெருவில் தூங்கி எழுகிறவனைப் பற்றி யோசித்த மாதிரி தெரியவில்லை.

கல்லூரி மாணவி: ஸ்மார்ட் சிட்டி வேறு, மாநகராட்சி வேறா? இப்போது எதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

நல்ல கேள்வி அம்மா, பலருக்கும் இதில்தான் குழப்பம். ஸ்மார்ட் சிட்டி திட்டம் மத்திய அரசு 2015 ஜூனில் தொடங்கியது. நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. சென்னை 2016 ஜனவரியில் வந்த முதல் பட்டியலிலேயே இருந்தது, அதில் மாதிரிப் பகுதியாக எடுத்துக்கொண்டது தி.நகரை. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, அதே அளவு மாநிலத்தின் பங்கு. ஆனால் ஒரு நிபந்தனை: பணத்தை மாநகராட்சி நேரடியாகச் செலவழிக்க முடியாது, கம்பெனிச் சட்டப்படி தனி நிறுவனம் தொடங்க வேண்டும். மாநில அரசும் மாநகராட்சியும் அதில் சரிபாதிப் பங்குதாரர்கள். எந்த ரோடு, என்ன வடிவம், யாருக்கு டெண்டர் என்பதெல்லாம் அந்த நிறுவனத்தின் போர்டு கூட்டத்தில் முடிவாகும்.

அந்தத் திட்டம் 2025 மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் போட்ட கல், நட்ட கம்பம், வைத்த பெஞ்சு எல்லாம் இன்னும் இருக்கிறது. உடைந்தால் சரிசெய்ய வேண்டியது மாநகராட்சி, அதற்குப் பணம் நம் சொத்து வரி. அதனால் இப்போது கேட்க வேண்டிய இடம் உங்கள் வார்டு உதவிப் பொறியாளர், அதற்கு மேல் மண்டல அலுவலகம். பழைய கோப்பு வேண்டுமென்றால் அந்த நிறுவனத்துக்கே ஆர்.டி.ஐ. போடலாம், அரசு நிறுவனம் என்பதால் பதில் சொல்லியாக வேண்டும்.

ராஜாபாதர் தெருப் பக்கம் இருப்பவர்: எங்கள் வீட்டு கேட் முன்னால் யாரோ காரை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். நான்கு மணி நேரம் வரமாட்டார்கள். போலீஸா, மாநகராட்சியா?

இரண்டும். அதுதான் பிரச்சினையே. எங்கே கட்டணம் வாங்கி வண்டி நிறுத்தலாம் என்று முடிவு செய்வது மாநகராட்சி, தவறாக நிறுத்தியதற்கு அபராதம் போடுவது போக்குவரத்துக் காவல். ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் காட்டுவார்கள்.

தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டியதே பாண்டி பஜார் ரோட்டில் நின்ற வண்டிகள் அங்கே போகட்டும் என்றுதான். 200 கார்களுக்கு மேல், 500 இருசக்கர வண்டிகளுக்கு மேல் நிற்க இடம் இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தெருவில் காசு கொடுக்காமல் நிறுத்த முடிகிறபோது எத்தனை பேர் காசு கொடுத்து மாடிக்கு ஏற்றுவார்கள் சொல்லுங்கள். கடைவீதியில் வண்டியைத் தடுக்கிற அன்றே சுற்றியிருக்கிற தெருக்களுக்கும் ஒரு விதி வந்திருக்க வேண்டும்: குடியிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மாடி நிறுத்தத்தைவிட அதிகக் கட்டணம். இதைச் செய்ய ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம், ஒரு தீர்மானமும் அதை அமல்படுத்த ஆளும் இருந்தால் போதும். கட்டடம் கட்டுகிற வேகம் இந்த மாதிரி விதி போடுவதில் இல்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: தெருவில் இருக்கிற எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டு ஒரே மனுவாக, மண்டல அலுவலருக்கும் போக்குவரத்து உதவி ஆணையருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். இரண்டு மனுவிலும் மற்றவருக்கு நகல் அனுப்பியிருப்பதை எழுதுங்கள். தனி ஆளாகப் போய் நிற்பதைவிட இதற்குப் பலன் உண்டு.

மேற்கு மாம்பலம் வாசகி: ஆகாய நடைபாலம் வீண் செலவு என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?

வீண் இல்லை. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை அரை கிலோமீட்டருக்கு மேல், 28 கோடி சொச்சம், 2023 மே மாதம் திறந்தார்கள். தீபாவளி நேரத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் நுழையாமல் பஸ் பிடிக்க முடிகிறது என்பதே பெரிய விஷயம். லிஃப்ட்டும் நகரும் படிக்கட்டும் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள், நின்றிருந்தால் அன்றே புகார் போடுங்கள். வயதானவர்களுக்கு அது இல்லாவிட்டால் பாலமே இல்லாத மாதிரிதான்.

ஜி.என். செட்டி சாலைக்காரர்: இவ்வளவு கோடி கொட்டியும் 2021-ல் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, ஏன்?

தி.நகர் ஏரியில் எழுந்த ஊர். 1920-களில் இங்கே நீளமாகக் கிடந்த ஏரியைத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள், பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். அதனால் மழைநீர் இயல்பாகவே இங்கே வந்து நிற்கும், வெளியேற இருக்கிற முக்கியமான வழி மாம்பலம் கால்வாய். நந்தனம் வழியாகப் போய் அடையாற்றில் சேரும்.

அந்தக் கால்வாயைச் சீரமைக்கிற வேலையும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில்தான் நடந்தது. 2021 நவம்பர் 6 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்போது கால்வாய்க்குள்ளேயே கட்டுமானக் கழிவு கிடந்து தண்ணீரை அடைத்தது. தண்ணீர் வடிய நாள் கணக்கில் ஆனது. பார்வையிட வந்த முதல்வர் ஸ்டாலினே ஸ்மார்ட் சிட்டி பணிகளைக் குறை சொன்னார், 2022-ல் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் விசாரணையும் அமைத்தார்கள். வெள்ளத் தடுப்புக்கு இன்னொரு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் தனிக் குழுவும் வந்தது.

இதில் எனக்குத் தோன்றுவது, மேலே தெரிகிற வேலைக்கும் கீழே மறைந்திருக்கிற வேலைக்கும் இடையில் வரிசை தவறிவிட்டது என்பதுதான். முதலில் கால்வாய், அடுத்து மழைநீர் வடிகால், கடைசியில்தான் கிரானைட் கல். கல்லைப் போட்டுவிட்டு வடிகாலுக்காக மறுபடி தோண்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்புறம் ரோட்டை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் பழைய வீடுகள் எல்லாம் ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டன. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். உங்கள் தெருவில் வேலை நடக்கிற இரவில் வெளியே வந்து அதைப் பாருங்கள், சுரண்டாமல் போட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

கடை உரிமையாளர் ஒருவர்: பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை 2013-லேயே தனிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மறுபடி வந்துவிட்டார்கள். சங்கம் ஏன் வாய் திறப்பதில்லை?

அண்ணே, இதில் உங்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். நடந்துபோகிறவர் கண்ணில் பட்டு வாங்குகிற வியாபாரத்தை மாடியில் ஏற்றினால் அது நடக்காது. பூ, பொட்டு, கிளிப் வாங்க யாரும் படி ஏற மாட்டார்கள். அவர்கள் திரும்பி வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 2014-ன் சாலையோர வியாபாரிகள் சட்டம் தெளிவாக இருக்கிறது: கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக் கூடாது, இடம் ஒதுக்குவதை நகர விற்பனைக் குழுவிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். நடக்க இவ்வளவு இடம், கடைக்கு இவ்வளவு இடம் என்று கோடு போட்டுக் கொடுங்கள், அதைத் தாண்டினால் நானே புகார் எழுதுகிறேன்.

உஸ்மான் சாலை வாசி: விதியை மீறிய பெரிய கடைகள் மட்டும் எப்படித் தப்பிக்கின்றன?

இது ரொம்ப நாள் கதை. அனுமதி இல்லாத கட்டடத்தைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தலாம் என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவை 1990-களின் கடைசியில் சேர்த்தார்கள். அடுத்தடுத்து நீட்டித்தார்கள். கட்டிவிட்டால் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற தைரியம் அதிலிருந்துதான் வந்தது. 2011 அக்டோபர் கடைசியில் உயர் நீதிமன்றத்தின் நெருக்குதலில் ரங்கநாதன் தெருவில் பல கடைகளுக்குச் சீல் வைத்தார்கள், 2012 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால அனுமதியோடு அவை திறந்தன. அதே வருடம் 113-சி வந்தது, 2007 ஜூலைக்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொரு வாய்ப்பு.

2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பல மாடி ஜவுளிக் கடை தீப்பிடித்து, மறுநாளும் எரிந்து, கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டி வந்தது. சுற்றியிருந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். நடைபாதைக் கல்லின் நிறத்தைப் பற்றி எத்தனையோ கூட்டம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு பெரிய கடையைச் சுற்றியும் தீயணைப்பு வண்டி போகிற அளவுக்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதுதான் என் முதல் கோரிக்கை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பர்கிட் சாலை ஐயா ஒருவர்: சொத்து வரி ஏறிவிட்டது, எங்கள் தெருவுக்கு என்ன வந்தது தம்பி?

ஐயா, 2022-ல் சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,800-க்கு மேல் 150 சதவீதம் என்று உயர்த்தினார்கள். பல வருடம் உயர்த்தாமல் விட்டு ஒரே அடியாக ஏற்றியதால்தான் வலித்தது. வார்டு வாரியாக எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்று ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள், விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன்.

கடைசியாக, பலரும் கேட்டது: வேலை தொடங்கிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது. முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று இடங்களில் கண் வைக்க வேண்டும்.

முதலாவது மாமன்றக் கூட்டம். ரிப்பன் மாளிகையில் கூடும்போது வைக்கிற தீர்மானங்களின் பட்டியல் கவுன்சிலர் கைக்கு முன்பே போய்விடும். நம் வார்டு சம்பந்தப்பட்டது இருந்தால் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டு வையுங்கள். "மேலிடத்து முடிவு" என்று சிலர் கையை விரிப்பார்கள். அப்படியென்றால் மன்றத்தில் உங்கள் ஆட்சேபத்தையாவது பதிவு செய்யுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது பகுதி சபை. ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதியாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் நடத்த வேண்டிய கூட்டம். பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்காத விஷயம். இருந்தாலும் போங்கள். வாயால் சொன்னது காற்றில் போய்விடும், கோரிக்கையை எழுதிக் கொடுத்து கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாவது டெண்டர். அரசு டெண்டர் தளத்தில் ஆவணத்தை யாரும் இறக்கிப் பார்க்கலாம். எத்தனை மீட்டர் வடிகால், எவ்வளவு ஆழம், எத்தனை மரம் என்ற அளவுப் பட்டியல் அதில் இருக்கும். வேலை முடிந்து எத்தனை வருடம் வரை பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டும் என்பதும் இருக்கும். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் உடைந்த கல்லுக்கு மாநகராட்சி நிதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இணையத்தில் கிடைக்காததற்கு ஆர்.டி.ஐ. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர மாட்டார்கள். "இந்தத் தெருவுக்கான அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல் வேண்டும், கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள். பனகல் பூங்காவின் ஒரு பகுதி மெட்ரோ வேலைக்குப் போயிருக்கிறதே, நிலையம் முடிந்தபின் எவ்வளவு இடம், எத்தனை மரம் திரும்ப வரும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்கும் இதே வழிதான். திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட பரப்பளவையும் வரைபடத்தையும் நகல் கேட்டு இப்போதே விண்ணப்பம் போடுங்கள். சேர்ந்து போடலாம் என்றால் உங்கள் தெருப் பெயரை எழுதி அனுப்புங்கள், இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடுவோம்.