வாசகர் கேள்வி - பதில்: ஸ்கேனர் அப்புறம், பட்டியல் முதலில்

கேள்வி: எங்கள் சங்க நூலகத்தில் பழைய சித்த மருத்துவ நூல்கள் 800 இருக்கின்றன. வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் பயன்படட்டும் என்று ஸ்கேனர் வாங்க நன்கொடை திரட்டுகிறோம். எதை வாங்கலாம்?
- வாசகர், குடியாத்தம்

பதில்: ஸ்கேனருக்கு அவசரம் வேண்டாம். எங்கிருந்தோ தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது நீங்கள் எழுதிவைக்கும் நாலு வரிப் பட்டியல் பதிவுதான். நூலகப் பட்டியல் போட உதவும் கோஹா மென்பொருள் இலவசம். நியூசிலாந்தின் சிற்றூர் நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000-இல் ஓடத் தொடங்கியது. 800 நூலுக்கு எக்செல்லே போதும். ஆனால் யூனிகோடில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் கூகுளுக்கு அது ஆங்கிலக் கிறுக்கல்.

தலைப்பை அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள், பைண்டர் மாற்றியிருப்பார். முகப்புப் பக்கத்தில் உள்ளபடி தமிழிலும் ரோமன் எழுத்திலும் எழுதுங்கள். நம் பக்கத்து நூலகங்கள் வழுக்கி விழுவது ஊர்ப் பெயரில். அச்சில் 'வடஆற்காடு ஜில்லா' என்றிருக்கும். தேடுகிறவர் 'வேலூர்' என்று அடிப்பார். அந்த மாவட்டம் 1989-இல் பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாயின. அச்சிலுள்ள பெயருக்கு ஒரு கட்டம், இன்றைய பெயருக்கு ஒரு கட்டம். 'ஆர்க்காடு' என்ற எழுத்துக்கூட்டலையும் சேருங்கள்.

ஆண்டு இன்னும் சிக்கல். 'விக்ருதி ௵ தை ௴' (விக்ருதி வருடம், தை மாதம்) என்று மட்டும் இருந்தால்? அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் விக்ருதி 1890-இலும் பிறந்தது, 1950-இலும் பிறந்தது. தை மாதம் என்பதால் 1891 அல்லது 1951. தாளையும் அச்சகத்தையும் பார்த்தும் முடிவாகவில்லையென்றால் இரண்டையுமே எழுதுங்கள்.

பதிப்புரிமையையும் பாருங்கள். ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். மூலம் எவ்வளவு பழையதானாலும், உரையாசிரியர் 1980-இல் இறந்திருந்தால் 2040 முடியும்வரை உரையை வலையேற்ற வாரிசுகளின் அனுமதி வேண்டும்.

இனி ஸ்கேனர். தட்டை ஸ்கேனர் வேண்டவே வேண்டாம். கவிழ்த்து அழுத்தினால் பொரிந்த தாள் முதுகோடு ஒடியும். 'வி' வடிவத் தொட்டிலில் நூலைப் பாதி திறந்து வைத்து மேலிருந்து கேமராவில் எடுங்கள். 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ணத்தில் ஏ5 பக்கம் ஒன்றுக்குச் சுமார் 23 எம்பி. 200 பக்க நூல் 4.6 ஜிபி. எல்லாவற்றுக்கும் 4 டிபி வட்டு இரண்டு வாங்கி, இரண்டிலும் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் மென்பொருளை அப்படியே நம்பாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வளைந்த 'லை', 'னை' எழுத்துகளில் அது தடுமாறும். மருந்து அளவில் ஓர் எழுத்து பிசகினாலும் ஆபத்து. உரிமை தீர்ந்தவற்றை விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுக் கோப்புக் களஞ்சியத்தில் ஏற்றினால், நூல்களைத் தட்டச்சு வடிவில் தரும் தமிழ் விக்கிமூலம் தளத்தில் பக்கம் பக்கமாகத் திருத்தலாம். மருந்துச் சரக்குப் பெயர் தெரிந்த வைத்தியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.