இளநீருக்குப் பதில் என்ன கொடுக்கலாம்?

கிட்னி பிரச்சினை உள்ள அப்பாவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் 5.8, அதாவது இருக்க வேண்டியதைவிட அதிகம், ஆனாலும் சென்னை வெயிலுக்கு இளநீர் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒரு டம்ளரிலேயே 400, 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். பானைத் தண்ணீரில் நாலு சொட்டு எலுமிச்சை விடுங்கள், டாக்டர் சொன்ன அளவுக்குள். சாப்பிட அன்னாசியோ ஆப்பிளோ இரண்டு துண்டு.

சாம்பாரில் உருளை, முருங்கை வேண்டாம், சுரைக்காய் போடுங்கள். எந்தக் காயானாலும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், ‘சோடியம் குறைந்த உப்பு’ வீட்டில் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அதில் வழக்கமாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும்; 5.8க்குச் சாப்பாடு மட்டும் போதாது, இன்றே டாக்டருக்கு போன் செய்யுங்கள்.